லாட்ஜில் இறங்கிய மைனி

அத்தியாயம் பதினொன்று

முதல் வாரத்திலிருந்து கூடவே வருகிறவர்களுக்குக் கதை தெரியும். இன்றுதான் வண்டியில் ஏறியவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

மலையாள தேசத்து ஆரியசாலையில் மிளகாய் வற்றல் மொத்தக் கடை வைத்திருக்கும் கோலப்பனுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மனைவி கோமதி, என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று முந்திக்கொண்டு போனாள். ரத்த வகை சேரவில்லை. அவள் அழுது ஓய்வதற்குள் நாகர்கோவிலிலிருந்து கோலப்பனின் அக்காள் சிவகாமி போன் செய்து, நான் தருகிறேன் என்றாள். சோதனைகள் ஒவ்வொன்றாக முடிந்தன. எல்லாம் பொருந்திவிட்டது.

மிச்சம் இருப்பது ஒரே ஒரு படி. ஆஸ்பத்திரிக் குழு அக்காளையும் அவள் கணவரையும் எதிரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கும். கொடுப்பவள் மனதாரக் கொடுக்கிறாள் என்று திருப்தி வந்தால்தான் ஆபரேஷனுக்கு நாள் குறிப்பார்கள். அந்தக் குழு கூடுவது இன்றைக்கு, மத்தியானம்.

கோமதி விடிவதற்கு முன்பே எழுந்துவிட்டாள். ஒரு அடுப்பில் கோலப்பனுக்கான காய். வேகவைத்து, அந்த நீரை இறுத்துக் கொட்டி, மறுபடி வேகவைத்த சத்தற்ற காய். இன்னொரு அடுப்பில் மைனிக்காக, அதாவது நாத்தனார் சிவகாமிக்காக, தேங்காய்ப்பால் சொதி. கோமதி திருநெல்வேலிக்காரி. அவள் கை சொதிக்கு சிவகாமி மைனி அடிமை. போன தடவை ரத்தப் பரிசோதனைக்கு வந்தபோதுகூட, ரயிலுக்கு நேரமாகிறது என்று கத்திய கணவரை உட்கார வைத்துவிட்டு இன்னொரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டாள்.

இடியாப்பத்தைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தபோது மகள் ஸ்ரீப்ரியாவிடமிருந்து போன் வந்தது. அத்தையையும் மாமாவையும் அழைத்து வர அவள் தம்பானூர் ஸ்டேஷனுக்குப் போயிருந்தாள்.

"அம்மா, வண்டி வந்தாச்சு. அத்தையும் மாமாவும் எறங்கிட்டாங்க. பட்சே, வீட்டுக்கு வரலையாம்."

கோமதிக்கு விளங்கவில்லை. ஸ்ரீப்ரியா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் ஒரு லாட்ஜில் மாமா ரூம் எடுத்துவிட்டார். அத்தை அவர் பின்னாலேயே போய்விட்டாள். பையைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றதற்கு, வேண்டாம் மக்கா, நீ வேலைக்குப் போ என்று சொல்லிவிட்டாளாம்.

கோமதி அடுப்பை அணைத்தாள். கால் மணி நேர நடையில் தம்பி வீடு இருக்கிறது. அக்காள் லாட்ஜில் இறங்கியிருக்கிறாள். இதை எந்தச் சொந்தக்காரனிடமும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து போவதைவிடப் பெரிய கோபம் இது.

கோலப்பன் முன்னறையில் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இன்று டயாலிசிஸ் இல்லாத நாள், அதனால் முகத்தில் கொஞ்சம் களை இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அந்தக் களை ஓடிப்போயிற்று.

"அத்தானுக்க வேலைதான் இது. மாப்பிள்ளை முறுக்கு. அறுபது கழிஞ்சும் எறங்கல்ல," என்றார். "அக்கா தருவா. அதுல எனக்கு சம்சயமே கெடையாது. இந்த மனுஷன்தான் கடைசி நேரத்துல கால வாருகாரு."

சிவகாமியின் கணவர் லிங்கம் அண்ணனுக்கு அந்தப் பெயர் உண்டுதான். ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர். ஊரில் யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர். ஆனால் மாமனார் வீட்டுப் படியை மிதித்துவிட்டால் மட்டும் எங்கிருந்தோ ஒரு விறைப்பு வந்துவிடும். ஸ்ரீப்ரியாவின் காதுகுத்துக்குப் பந்தியில் அவருக்குப் பாயசம் இரண்டாவதாக வந்தது என்பதற்காக அந்தப் பாயசத்தைத் தொடாமலேயே எழுந்தவர். ஆகவே குற்றவாளி யார் என்பதில் அந்த வீட்டில் இரண்டு கருத்து இல்லை.

காதுகுத்து நினைவு வந்ததும் கோமதியின் கை அப்படியே நின்றது.

அந்தக் காதுகுத்துக்கு எப்படி அழைத்தார்கள்? கோலப்பனும் அவளும் கார் பிடித்து நாகர்கோவிலுக்குப் போனார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ, தேங்காய் வைத்து, மைனியையும் அண்ணனையும் நிற்க வைத்துக் கொடுத்து, முறையாக அழைத்தார்கள். ஒரு பிள்ளையின் காதில் துளை போடுவதற்கு அத்தனை மரியாதை. ஒரு மனுஷியின் உடம்பைத் திறந்து உள்ளே இருப்பதை எடுப்பதற்கு?

ஒருவரும் போகவில்லை. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. ஆஸ்பத்திரியில் இந்த ஏற்பாடுகளைக் கவனிக்கும் எலிசாள், மார்த்தாண்டத்துக்காரி, முதல் நாளே சொல்லியிருந்தாள்: கொடுப்பவரை நீங்கள் யாரும் நிர்ப்பந்திக்கக் கூடாது, அவராக முடிவெடுக்க வேண்டும். கோலப்பனும் கோமதியும் அதைச் சிரமேற்கொண்டார்கள். மைனி சோதனைக்கு வந்த போதெல்லாம் ரயிலைப் பற்றிப் பேசினார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள், சொதி ஊற்றினார்கள். சிறுநீரகம் என்ற வார்த்தையை மட்டும் மறந்தும் எடுக்கவில்லை. அதைப் பெரிய நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நேத்து மைனிகிட்ட என்ன பேசினீங்க?" என்று கோமதி கேட்டாள்.

என்ன பேசுவது, நாளைக்கு இரண்டு மணிக்கு முன்னால் வந்துவிடு, ஆதார் கார்டை மறக்காதே, அத்தானையும் கூட்டி வா என்று சொல்லி வைத்துவிட்டேன் என்றார் கோலப்பன். கோமதி தலையில் கை வைத்துக்கொண்டாள். குண்டூரிலிருந்து லாரி ஏற்றச் சொல்லும்போதும் அவர் இதே குரலில்தான் பேசுவார். சரக்கு எத்தனை மணிக்கு வந்து சேரும், பில் கூட வருமா.

"அண்ணன்கிட்ட முறையா ஒரு வார்த்தை கேக்கலை. அதான் கோவம். தப்பு நம்ம மேலதான்," என்றாள். "நான் போய்க் கேட்டுட்டு வாரேன்."

கோலப்பன் தானும் வருவதாக ஒரு வார்த்தை சொல்வார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். சரி, இதுவும் நம் தலையில்தான் என்று அவள் புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

சொல்ல மறந்துவிட்டேன், கோமதி ஒன்றை முடிவு செய்துவிட்டால் அவள் நடை மாறிவிடும். சாலைக் கடைவீதியில் அன்று காலை அவளுக்கு எதிரில் மூட்டை சுமந்து வந்த சுமட்டுக்காரர்களே ஒதுங்கி வழி விட்டார்கள். வெற்றிலையை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, ஓட்டை விழுந்ததை எல்லாம் கடைக்காரனிடமே திருப்பிக் கொடுத்தாள். மட்டிப்பழம் ஒரு சீப்பு. தேங்காய். மைனிக்குப் பிடித்த பிச்சிப்பூ இரண்டு முழம். வீட்டுப் பித்தளைத் தாம்பாளம் கட்டைப்பையில் இருந்தது. யூசுப்பின் ஆட்டோவில் ஏறி, தம்பானூர் என்றாள்.

யூசுப் கோலப்பனை டயாலிசிசுக்கு அழைத்துப் போய் வருகிறவர். வீட்டு விஷயம் பாதி அவருக்குத் தெரியும். கண்ணாடியில் பையைப் பார்த்துவிட்டு, கல்யாணமா அக்கா என்று கேட்டார். அதைவிடப் பெரிசு என்றாள் கோமதி.

லாட்ஜில் லிப்ட் வேலை செய்யவில்லை. இரண்டாம் மாடி வராந்தாவில், பனியன் வேட்டியோடு பிளாஸ்டிக் நாற்காலியில் லிங்கம் அண்ணன் உட்கார்ந்திருந்தார். கோமதியைப் பார்த்ததும் எழுந்து, பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். கோபக்காரர் முகமாக அது இல்லை. மாட்டிக்கொண்டவர் முகமாக இருந்தது.

கோமதி பையைக் கீழே வைத்தாள். தாம்பாளத்தை எடுத்து, வெற்றிலை பாக்கு பழம் பூ எல்லாவற்றையும் முறையாக அடுக்கி, இரண்டு கையாலும் ஏந்தி அவர் முன்னால் நீட்டினாள். வழியெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்ததைச் சொன்னாள்.

"அண்ணாச்சி, நாங்க செஞ்சது தப்புதான். மொதல்லயே உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு கேட்டிருக்கணும். இப்ப கேக்கேன். உங்க தங்கச்சியா நெனச்சு சம்மதம் சொல்லணும்."

லிங்கம் கையை நீட்டவில்லை. தாம்பாளத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண் கலங்கியதைக் கோமதி அன்றுதான் முதல் தடவை பார்த்தாள்.

"எனக்குக் கோவம்னு யாரு சொன்னா?" என்றார். "ரூம் எடுக்கச் சொன்னது நான் இல்லே அம்மா. அவதான்."

கோமதிக்குத் தாம்பாளம் கையில் கனத்தது.

லிங்கம் கதவுப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகப் பேசினார். நேற்று போன் வந்ததிலிருந்து சிவகாமி சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் ஒன்றுமில்லை என்றாள். ரயிலில் வரும்போது, பாறசாலை தாண்டியதும், நாம் இன்றைக்கு லாட்ஜில் இறங்குவோம் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை அவர் அப்படியே சொன்னார்: சாமானைக் கொண்டு போய்க் கொடுக்க வருகிறவர்கள் லாட்ஜில்தானே இறங்குவார்கள்.

"இந்தத் தட்டை எனக்கு முன்னால நீட்டாதே," என்றார் லிங்கம். "குடுக்கது நானா? நீங்க எல்லாரும் அக்கா தருவா, அக்கா தருவான்னு சொன்னீங்க. எங்க சொந்தத்துல வடசேரி வரைக்கும் அந்தப் பேச்சுதான். அவகிட்ட ஒருத்தரு வந்து தருவியான்னு கேக்கல்ல. உள்ளதான் இருக்கா. போ."

நாற்பது வருடமாக மாப்பிள்ளை முறுக்கு என்று பெயர் வாங்கிய மனிதர் இத்தனையும் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார். கோமதிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வழக்கம் தெரிந்தவள் என்று மார்தட்டிக்கொண்டு வந்தாளே, அவளும்தான் ஆம்பிளையைத் தேடி அல்லவா தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். கொடுக்கிறவள் ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள் என்பது தோன்றவில்லையே.

உள்ளே சிவகாமி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தடித்த உடம்பு, வெள்ளைக் கல் மூக்குத்தி, எப்போதும் சிரிப்பதற்குத் தயாராக இருக்கும் வாய். இன்று அந்த வாய் இறுகியிருந்தது. கோமதியின் கையில் இருப்பதைப் பார்த்ததும், வெளியே பேசியதெல்லாம் கேட்டது, சுவர் அட்டை மாதிரி இருக்கிறது என்றாள்.

கோமதி தாம்பாளத்தோடு அவள் முன்னால் வந்து நின்றாள். வாயைத் திறப்பதற்குள் சிவகாமி கையைக் காட்டித் தடுத்துவிட்டாள்.

"நீ கேக்காண்டாம். உன் மேல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது. நீ ஒனக்க கிட்னியக் குடுக்கப் போனவ, சேரல்ல. ஒன்னால ஆனத நீ செய்தாச்சு. எனக்குத் தம்பி ஒருத்தன் உண்டு. அவனுக்கு வாய் இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியணும்."

பிறகு கொட்டித் தீர்த்தாள். தராமல் போய்விடுவேன் என்று நினைக்காதே, போனில் சொன்ன அன்றைக்கே மனசு முடிவாகிவிட்டது என்றாள். ஆனால் எத்தனை தடவை வந்தாயிற்று. ஊசி போட்டார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், ஒரு நாள் முழுக்க மூத்திரத்தைப் பிடித்து வைக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் கோலப்பன் என் முகத்தைப் பார்ப்பான், அக்கா, பயமாக இருக்கிறதா என்று கேட்பான் என்று பார்த்தேன். அவன் ஜன்னலைப் பார்க்கிறான். நான் கேட்காமலே எல்லாம் கொடுத்துப் பழகிவிட்டேன், அதுதான் அவனுக்குக் கேட்கத் தோன்றவில்லை என்று சொல்லி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கோமதி தாம்பாளத்தைக் கட்டிலின் ஓரத்தில் வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்து போனை எடுத்தாள்.

கோலப்பன் முதலில் மழுப்பினார். உடம்பு முடியவில்லை, மாடி ஏற முடியாது, நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறேன் என்றார். கோமதி விடவில்லை. கடைசியில் உண்மை வந்தது.

"கேட்டு, அவ மாட்டேன்னு சொல்லிட்டா?" என்றார் கோலப்பன். குரல் சின்னதாகிவிட்டிருந்தது. "கேக்காம இருந்தா, அக்கா தருவான்னு நான் நெனச்சுக்கிட்டே இருக்கலாம்லா."

கோமதிக்கு அழுகை முட்டியது. கட்டிய மனிதரின் பயத்தை இத்தனை நாளில் அவள் இப்போதுதான் பார்க்கிறாள். டயாலிசிஸ் ஊசிக்குக் கையை நீட்டிவிட்டுக் கடைக் கணக்கைப் பேசுகிற ஆள் அவர். ஆனால் இது அழுகிற நேரம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"வாங்கிக்கிடதுக்கு வயிறு இருக்குல்லா, கேக்கதுக்கு வாய் வேண்டாமா?" என்றாள். "மாட்டேன்னு சொன்னா சொல்லட்டும். அதுக்கும் மைனிக்குப் பாத்தியதை உண்டு. யூசுப் அண்ணன் கீழதான் நிக்காரு, அனுப்புதேன். வாங்க."

அவர் வந்து சேர்ந்தபோது லிங்கம் கீழே இறங்கிப் போய் மைத்துனருக்குத் தோள் கொடுத்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு இருவரும் மேலே வந்தார்கள். அறைக்குள் நுழைந்ததும் கோலப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டார். சிவகாமி தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். நீட்டப் போனவள் நிறுத்தி, மூடியைத் திறந்து அந்த மூடியில் ஒரு வாய் மட்டும் ஊற்றிக் கொடுத்தாள். அவர் எவ்வளவு குடிக்கலாம் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது.

கோலப்பன் மூடியைக் காலி செய்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, கட்டில் ஓரத்திலிருந்த தாம்பாளத்தை எடுத்தார். டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறி முடிச்சு விழுந்த இடது கைப் பக்கம் தாம்பாளம் சரிந்தது. கோமதி பிடிக்கப் போனாள். லிங்கம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார்.

"அக்கா," என்றார் கோலப்பன். ஆரியசாலைத் தெருவில் அவர் விலை சொன்னால் மறுபேச்சு கிடையாது. யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத வாய் அது.

"அக்கா, எனக்கு உன் கிட்னி ஒண்ணு வேணும். தருவியா?"

சிவகாமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரே பேடி, பயமா இருந்துச்சு, அதான் கேக்கல்ல. நீ மாட்டேன்னு சொன்னாலும் சரிதான். நான் மெஷின்ல ஓட்டிக்கிடுவேன். ஆனா வீட்டுக்கு வந்து சாப்பிடு அக்கா. லாட்ஜில இருக்காதே. அது மட்டும் எனக்குத் தாங்கல்ல."

சிவகாமி எழுந்தாள். எழுந்தவள் தாம்பாளத்தை வாங்கவில்லை. தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். வெற்றிலை மேல் கண்ணீர் விழுந்தது. கோலப்பன் சின்னப் பிள்ளையாய்த் தேம்பினார். லிங்கம் வராந்தாவுக்குப் போய் ரோட்டைப் பார்ப்பதுபோல் நின்றார். கோமதி மட்டும் அழவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

"இத இப்பம் கேக்கதுக்கு இம்புட்டு நாளாச்சா லேய்?" என்று சிவகாமி மூக்கை உறிஞ்சினாள். "தாரேன். எடுத்துக்கோ. ஒண்ணு போதுமா?"

அறையில் சிரிப்பு வந்துவிட்டது. சிவகாமி தாம்பாளத்தை வாங்கினாள். பிச்சிப்பூவை எடுத்துக் கோமதியிடம் கொடுத்து, தலையில் வைத்துவிடச் சொன்னாள். வெற்றிலையும் பாக்கும் பழமும் அவள் பைக்குள் போயின. வெறும் தாம்பாளத்தைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் அந்த வீட்டில் கிடையாது. சுற்றும் முற்றும் பார்த்தாள். மேஜை மேல் கிடந்த அறைச் சாவியை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்துத் தம்பியிடம் நீட்டினாள்.

"இதக் கீழ குடுத்துரு. சொதி ஆறிப் போயிருக்கும்."

அன்று சொதி இரண்டாம் தடவை சூடு செய்யப்பட்டது. சிவகாமி மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள். லிங்கத்துக்கு முதல் இலை போட்டார்கள். அவர் எழுந்து போய் அதைக் கோலப்பன் பக்கம் நகர்த்திவிட்டு, மாப்பிள்ளை முறுக்கெல்லாம் இன்றைக்கு லீவு என்றார். ஸ்ரீப்ரியா ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு வந்து சேர்ந்தாள். இந்த வீட்டில் இத்தனை நாளாக யாரும் உரக்கச் சிரித்ததில்லை என்பது அவர்கள் சிரித்த பிறகுதான் கோமதிக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரியில் குழு அறைக்கு வெளியே நீளப் பெஞ்சில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். உள்ளே என்ன கேட்பார்கள் என்று லிங்கம் மனைவிக்கு ஞாபகப்படுத்தினார். வீடியோ எடுப்பார்கள், பயப்படாதே என்றார். சிவகாமி பூவைச் சரி செய்துகொண்டு, பயம் என்ன பயம் என்றாள்.

"இதுல எதுக்கு வந்தேன்னு கேப்பாங்கல்லா? எனக்க தம்பி தாம்பாளத்தோட வந்து கேட்டான், அதான் தாரேன்னு சொல்லுவேன். நெஞ்ச நிமித்திச் சொல்லுவேன்."

ஸ்ரீப்ரியாவின் முகம் மாறியது. அம்மாவின் கையைப் பிடித்துப் பெஞ்சின் மறுகோடிக்கு இழுத்தாள். அத்தை அப்படிச் சொன்னால் எல்லாம் கெட்டுவிடும் என்றாள். குடும்பம் வந்து கேட்டது, அழுதது, அதனால் ஒப்புக்கொண்டாள் என்று எழுதிவிட்டால் நிர்ப்பந்தம் என்று ஆகிவிடும். எத்தனை பேர் மனுவை இப்படித் தள்ளிவிட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள்.

கோலப்பனுக்கும் அது காதில் விழுந்தது. அவர் முகம் வெளிறியது. நான் அக்காளிடம் போய், அந்தப் பேச்சை மட்டும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தார்.

அதே பயம் கோமதிக்கும் இருந்தது. காலையில் சாலைத் தெருவில் வெற்றிலை பொறுக்கியது அவள். தாம்பாளத்தைத் தூக்கியது அவள். இதனால் ஆபரேஷன் நின்று போனால் அந்தப் பழி அவள் தலையில்தான். ஆனால் பெஞ்சின் அந்தப் பக்கம் சிவகாமி உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தாள். நேற்றிரவு சாப்பிடாத மனுஷி. இப்போது கல்யாண வீட்டுக்காரி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் போய், தம்பி உன்னைக் கேட்டதை மறைத்துவிடு என்று எந்த வாயால் சொல்வது?

"உக்காருங்க," என்றாள் கணவரிடம். "கேட்டது நெசம். அதை மறைக்கச் சொன்னாத்தான் நிர்ப்பந்தம்."

கோலப்பன் உட்கார்ந்தார். கதவு திறந்து எலிசாள் வந்தாள். சிவகாமியை மட்டும் முதலில் அழைத்தாள். சிவகாமி செருப்பை வெளியே விட்டுவிட்டு, கோவிலுக்குள் போகிறவள்போல உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. லிங்கம் துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். அவரை இன்னும் கூப்பிடவில்லை. அதற்குள் கதவு திறந்தது. எலிசாளின் முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. அவளுக்குப் பின்னால் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் மலையாளத்தில் கேட்டது.

"கோலப்பன்டெ பார்யா ஆரா?"

கோலப்பனின் மனைவி யார் என்று தேடுகிறார்கள். இது வழக்கத்தில் இல்லாதது. அவளை உள்ளே கூப்பிடுவதாகப் பேச்சே இல்லை. ஸ்ரீப்ரியா அம்மாவின் முந்தானையைப் பிடித்தாள். கோமதி அந்த விரல்களை மெல்ல எடுத்துவிட்டு எழுந்தாள்.

உள்ளே நீள மேஜை. அதற்குப் பின்னால் மூன்று பேர். ஓரத்தில் கேமரா. சிவகாமி நாற்காலியில் உட்கார்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தாள். நடுவில் இருந்த டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இன்று காலையில் நீங்கள் இவர்களிடம் போய் சிறுநீரகம் கேட்டீர்களா என்று மலையாளத்தில் நேராகக் கேட்டார். எலிசாள் அதைத் தமிழில் சொல்லத் தொடங்கினாள். கோமதிக்கு அது தேவைப்படவில்லை.

"ஆமா டாக்டர், கேட்டோம். இத்தனை நாள் கேக்காததுதான் தப்பு," என்றாள். "கேக்கும்போது இன்னொண்ணும் சொன்னோம். மாட்டேன்னு சொன்னாலும் நீ எங்க வீட்டுக்குச் சாப்பிட வரணும்னு சொன்னோம். அதுக்கப்புறம்தான் அவங்க சரின்னு சொன்னாங்க."

டாக்டரம்மா பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் கேமராவைப் பார்த்தார். பிறகு டாக்டரம்மா கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு, எதிரே காலியாக இருந்த நாற்காலியைக் காட்டினார். முதலிலிருந்து எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொல்லுங்கள், இதையும் பதிவு செய்ய வேண்டும் என்றார்.

கோமதி நாற்காலியை மைனியின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வெற்றிலை வாங்கியதிலிருந்து ஆரம்பித்தாள்.